புரிந்தது போகாது என்றாய்

பள்ளியின் பொருள் அறைக் கூரை ஒழுகுகிறது. நேற்று மழை விட்டதும் அங்கிருந்த அலமாரியை நகர்த்தினோம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே உன் பிஸ்கட் டின் சிக்கிக் கிடந்தது. திறந்ததும் இளகிப்போன ரப்பரின் வாடை முகத்தில் அடித்தது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக நீ கட்டிவைத்த ரப்பர் வளையங்கள் பிசுபிசுத்துக் குச்சிகளோடு ஒட்டியிருந்தன. ஒரு கட்டைக் கையில் எடுத்தேன். வளையம் நூல் மாதிரி இழுபட்டு அறுந்தது. குச்சிகள் என் காலடியில் சிதறின.

“டீச்சர், இத குப்பையில போட்டுறவா?” என்று கேட்டார் துப்புரவு செய்ய வந்த அக்கா. நான் குனிந்து குச்சிகளைப் பொறுக்கி டின்னுக்குள் போட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கறுப்புப் பையில் மற்ற குப்பையோடு அதுவும் போனது. தடுத்திருக்கலாம். தடுத்து என்ன செய்வது? அந்தக் குச்சிகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறவர் இப்போது இந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போனவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வாடை நேற்றிலிருந்து கையை விட்டுப் போகவில்லை. வேறு யாரிடம் சொல்ல?

ஸ்கூடாயில் அடுத்தடுத்த தாமான் குடியிருப்புகளில் இருந்தோம் நாம். யோங் பெங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரே காரில் போய்வந்தோம். ஒரு வாரம் உன் கார், மறு வாரம் என் கார். உன் கணவர் சவரி அண்ணன் சிங்கப்பூர் வேலைக்கு உன்னை முந்திக்கொண்டு கிளம்பி எல்லைப் பாலத்து நெரிசலில் நின்றிருப்பார். நீ என் காரில் ஏறும்போது கையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு இருக்கும். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நீ பேசியதும் இல்லை. காரில் நீ பேசியதெல்லாம் கணக்குத்தான். தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, ஒரு கழித்தல் கணக்குக்குள் இத்தனை கதை இருக்கும் என்று அதுவரை தெரியாது.

ஒருநாள் நெடுஞ்சாலையில் ஏறியதுமே சிரிக்க ஆரம்பித்தாய். முதல்நாள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு வாண்டு கேட்டதாம். நாற்பத்திரண்டில் ஏழைக் கழிக்க, இரண்டில் ஏழு போகாது, அதனால் பக்கத்தில் இருக்கிற நாலிடம் ஒன்று கடன் வாங்கு என்று வீட்டில் அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். “டீச்சர், அந்தக் கடன எப்பத் திருப்பிக் கொடுக்கணும்?” என்று கேட்டிருக்கிறான்.

“எவ்வளவு நியாயமான கேள்வி பாரு! கடன்னு சொன்னா திருப்பிக் கொடுக்கத்தானே வேணும்? நாமதான் அவன ஏமாத்துறோம். அங்க கடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கட்டப் பிரிச்சு பத்து குச்சியா வைக்கிறோம், அவ்வளவுதான். நான் கட்டப் பிரிச்சுக் காட்டினேன்டி. அவன் மூஞ்சியப் பாக்கணுமே நீ!”

அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். சாலையைப் பார்த்து ஓட்டு என்று என் தோளில் தட்டினாய்.

துர்காவை நான் பார்த்தேன். அன்று உன் வகுப்புக்கு வெளியே நடைபாதையில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை, ஒல்லி, இரட்டைச் சடை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாய். “அம்பத்தாறு!” என்று கண் மூடித் திறப்பதற்குள் சொன்னாள். அப்படியானால் எட்டெட்டு என்றாய். அவள் “ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு” என்று மறுபடி முதல் படியிலிருந்து ஏறத் தொடங்கினாள். நடுவில் தடுக்கி விழுந்தாள். மறுபடி முதலிலிருந்து. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

நீ அவளைத் திட்டவில்லை, சரியான விடையையும் சொல்லவில்லை. பாட்டில் மூடிப் பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டி, எட்டு மூடி வைத்து ஒரு வரிசை, அப்படி ஏழு வரிசை அடுக்கச் சொன்னாய். அடுக்கினாள். “இதுதான் நீ சொன்ன அம்பத்தாறு. இப்ப எட்டெட்டு வேணும். என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நீ அப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்று காரில் பலமுறை சொல்லியிருக்கிறாய். வாய் துடிக்குமாம். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாயாம்.

துர்கா மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்தது. திடீரென்று துள்ளி எழுந்தாள்.

“டீச்சர்! இன்னொரு வரிசை வச்சா போதும்லா! மறுபடி எண்ணவே வேணாம்லா!”

அவள் மூடிகளை வைத்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன் பக்கவாட்டில் போய் நின்று, “இங்கேருந்து பாத்தாலும் அதேதான் வருது டீச்சர்” என்றான். வகுப்பே எழுந்து அந்தப் பக்கம் ஓடியது. நீ நடைபாதைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். உன் கண் கலங்கியிருந்தது. அன்று திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டிய பிறகு சொன்னாய்: “புரிஞ்சது போகாதுடி. மறந்துபோனாலும் மறுபடி கண்டுபிடிச்சுக்கலாம். அதுக்கு வழி தெரியும் அவளுக்கு.”

“வாய்ப்பாடும் தெரியணும்ல? கடையில போய் மூடி அடுக்கிக்கிட்டு இருப்பாளா?” என்றேன் நான்.

“தெரியட்டும். நான் வேணாம்னா சொல்றேன்? முதல்ல பாக்கட்டும். பாத்தத மனசுல வச்சுக்கட்டும். பாக்காமலே வச்சுக்கிட்டா அது யாரு வீட்டுச் சாமானோ மாதிரி கெடக்கும்.”

பார்ப்பதற்கு நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை உனக்கு யாரும் தரவில்லை. அந்த வருடப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் துர்காவின் அப்பாதான் எழுந்தார். நல்ல மனிதர், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. கெஞ்சுவது போலத்தான் பேசினார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணன் மவன் டவுன் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறான். பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் கடகடன்னு சொல்றான். எங்க பிள்ள மூணாவது, இன்னும் மூடி அடுக்கி விளையாடுது. நாங்க படிக்காதவங்க டீச்சர். எங்க பிள்ளையும் இப்படி ஆயிடக் கூடாது.”

மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நீ எழுந்து விளக்கம் சொல்லத் தொடங்கினாய். மூடியையும் வரிசையையும் வாயால் சொன்னபோது எனக்கே அது விளையாட்டாகத்தான் கேட்டது. தலைமையாசிரியர் உன்னை இடைமறித்து, “எல்லாம் சரி டீச்சர். மாவட்டத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற போட்டி வருது. நம்ம ஸ்கூல் சார்பா யாரு போறா? அத சொல்லுங்க” என்றார். உன்னிடம் பெயர் இல்லை.

அடுத்த பருவத்தில் உனக்கு நன்னெறிக் கல்வியும் ஓவியமும் தந்தார்கள். கணக்குக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார். குரல் கம்பீரமான இளைஞர். காலையில் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பிக்கும். நீ பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு வண்ணம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாய். துர்கா மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். கோப்பையோடு அவளும் அவள் அப்பாவும் நிற்கிற படம் இன்னமும் நம் அலுவலகச் சுவரில் இருக்கிறது. அந்த அப்பாவின் சிரிப்பை நான் எப்படிக் குறை சொல்வது? நீயும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு பேனாப் பெட்டி வாங்கிக் கொடுத்தாய்.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று குழந்தை மாதிரி குதித்தாய். “இனிமே யாரு கேப்பா? இனிமே நேரம் இருக்கு!” என்றாய். தேர்வு போனது. ஒப்பிப்பது போகவில்லை. புதிது புதிதாகப் போட்டிகள் வந்தன. நீ மூன்று முறை விண்ணப்பித்தும் கணக்கு வகுப்பு உன்னிடம் திரும்பி வரவில்லை.

துர்கா இடைநிலைப்பள்ளிக்குப் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவர்கள் ஸ்கூடாய்ப் பக்கம் குடிவந்தார்கள். இரண்டாம் படிவம் படிக்கும்போது, பதினாலு வயதில், தமிழ்ப் பாடத்துக்கு என்னிடம் டியூஷன் வந்தாள். கணக்கில் தொடர்ந்து தோல்வி. பின்னத்தைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடுவாள். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதை ஆரஞ்சுப் பழத்தை அறுத்துக் காட்டினேன், எனக்குத் தெரிந்த அளவில். தலையைக் குனிந்துகொண்டு, “விதி என்ன டீச்சர், அத மட்டும் சொல்லுங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்” என்றாள். இன்னொரு வரிசை வைத்தால் போதும் என்று துள்ளிய பிள்ளை. இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று தினம் நினைத்து, தினமும் வேறு எதையோ பேசி வீடு சேர்ந்தேன்.

அதற்குச் சில வருடம் கழித்துத்தான் அந்தக் காலை. ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனவள், கோப்பைக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தாய். வாய் ஒருபக்கம் இழுத்தது. என்னை என்னவோ கேட்டாய். அது எந்த மொழியிலும் இல்லாத கேள்வி. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். உயிர் பிழைத்தாய். வலது கையும் பேச்சும் போயின. பேச்சு மட்டும் இல்லை, நாங்கள் சொல்வதும் உனக்கு எட்டவில்லை. கரண்டியைக் கொடு என்றால் ஜன்னலைப் பார்த்தாய். சவரி அண்ணன் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் முகத்தை அன்போடு பார்த்தாய், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி தர ஓர் இளம் மலாய்ப் பெண் வந்தாள். “ச்சூபா லாகி, சிக்கு,” இன்னொரு தரம் முயலுங்க டீச்சர் என்று உன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். ஒருநாள் அவள் எங்களிடம் கேட்டாள்: சின்ன வயதில் பாடமாகிப்போனது எதாவது இருக்கிறதா, பாட்டு, ஜெபம், எண் வரிசை? மற்றது போனாலும் சிலருக்கு அது நிற்கும் என்றாள். சவரி அண்ணன் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினார். நீ முழு ஜெபத்தையும் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாய். அவர் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு என்ன தோன்றியதோ, “ஓராறு ஆறு” என்றேன்.

“ஈராறு பன்னெண்டு,” என்றாய் நீ.

கடைசி வரை போனாய். நீ படித்த மெர்சிங் பள்ளியில் உன் எட்டாவது வயதில் யாரோ பிரம்போடு நின்று உனக்குள் இறக்கியது. அந்த ராகம்கூட மாறவில்லை. நான் உன் மேஜையில் இருந்த பிஸ்கட்டில் இரண்டை எடுத்து வைத்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று வைத்து, எவ்வளவு என்று கேட்டேன். பயிற்சிப் பெண் மென்மையாக என் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். இது அர்த்தத்திலிருந்து வருவதில்லை, வெறும் ஓட்டம், இரண்டும் வேறு வேறு இடம் என்று விளக்கினாள். நான் கேட்கவில்லை. மறுநாள் பள்ளியில் உன் மேஜை இழுப்பறையில் கிடந்த குச்சிக் கட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். உன் கண் முன்னால் வளையத்தைக் கழற்றிப் பிரித்துக் காட்டினேன், நீ அந்த வாண்டுக்குக் காட்டிய மாதிரியே. நீ ஒரு குச்சியை எடுத்து வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தாய். இனிப்பு இல்லை என்று முகம் சுளித்துக் கீழே போட்டாய்.

பணி ஓய்வு பெற்றிருந்த தலைமையாசிரியர் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். சவரி அண்ணன் ஆறுதலுக்காக வாய்ப்பாட்டை எடுத்துக்கொடுக்க, நீ ஒப்பித்தாய். அவர் மெய்சிலிர்த்துப் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பாத்தீங்களா டீச்சர், கடைசியில மனப்பாடம்தான் கூட நின்னுச்சு. அவங்க அத எவ்வளவு எதுத்தாங்க!”

“அவங்க ஒப்பிக்கிறாங்க சார். அவங்களுக்கு எண்ணத் தெரியல. ரெண்டு பிஸ்கட்டு தெரியல,” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்து, “நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க” என்று கிளம்பினார். தப்பாகத்தான் சொன்னார். ஆனால் அவரிடம் காட்ட என்னிடம் என்ன இருந்தது? நீ சொன்னதும் நிற்கவில்லையே. புரிந்தது போகாது என்றாய். உனக்கு முதலில் போனதே அதுதான். நாற்பது வருடம் நீ எதைப் பார்த்தாயோ, எதைப் பார்க்க வைத்தாயோ, அந்த வரிசையும் கட்டும் பக்கவாட்டுப் பார்வையும் ஒரு காலைத் தேநீர் நேரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டன.

நீ இறந்த பிறகு துர்கா வந்தாள். கடைத்தொகுதியில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள். சடை இல்லை, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க வகுப்பு ரொம்ப ஜாலியா இருக்கும் டீச்சர். மூடியெல்லாம் வச்சு விளையாடுவோம்” என்றாள்.

“எதுக்கு விளையாடினீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?”

“தெரியல டீச்சர். கணக்கு எனக்கு எப்பவுமே மண்டையில ஏறாதில்ல.”

எட்டாம் வாய்ப்பாடு தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. புரிந்ததா, ஒப்பித்ததா, இரண்டில் எது மிச்சம் என்று தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? சவப்பெட்டியில் இருந்த உனக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. அதுவும் எவ்வளவு முட்டாள்தனம்!

உன் கடைசி மாதங்களைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி விட்டதும் நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். சவரி அண்ணன் பாலத்து நெரிசலைத் தாண்டி வரும்வரை நாம் இருவர்தான். பேச ஒன்றும் இல்லை. பேசினாலும் உனக்கு எட்டாது. அதனால் வாய்ப்பாடு சொன்னோம். எனக்கு ஒரு வரி, உனக்கு ஒரு வரி. நான் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன், நீ அடுத்ததைச் சொல்வாய். சொன்னதும் என்னைப் பார்ப்பாய், இப்போது உன் முறை என்பது போல. அந்தப் பார்வையில் நீ இருந்தாயா, இல்லை அதுவும் வெறும் ஓட்டம்தானா? எனக்குத் தெரியாது. காரில் ஒரு மணி நேரம் ஒரு கழித்தலைப் பற்றிப் பேசியவளிடம், நீ வெறுத்த அந்த ஒப்பிப்பைத் தவிரப் பரிமாற எனக்கு வேறெதுவும் இல்லாமல் போனது. நீ தெளிவாக இருந்திருந்தால் என்னை வெளியே துரத்தியிருப்பாய்.

பிறகு அதுவும் தேய்ந்தது. வரிகள் குறைந்தன. குரல் உள்ளே போனது. கடைசியாக ஒரு மாலை “அய்யாறு முப்பது” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். உதடு பிரிந்தது. நான் காத்திருந்தேன். எடுத்துக்கொடுக்கத் துடித்த வாயைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். சவரி அண்ணனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். இரண்டு நாளில் அடுத்த அடைப்பு வந்து போய்விட்டாய்.

தினமும் தனியாகத்தான் ஓட்டிப் போகிறேன். சிலசமயம் ஸ்கூடாய் முனையில் கார்கள் அசையாமல் நிற்கும்போது என்னை அறியாமல் “அய்யாறு முப்பது” என்கிறேன். அடுத்ததை நான் சொல்வதில்லை. அது உன் வரி. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிறான்.